ஐந்து விநாடிக் காற்று

அத்தியாயம் பதினேழு

மருமகள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுத இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். அந்த அழுகை ஒன்றும் நீளவில்லை. விடிந்தால் தேசியத் தேர்வுப் போட்டி. வீங்கின கண்ணோடு ஓடினால் கால் ஊன்றித் தாண்டும் பலகை எங்கே இருக்கிறதென்றே தெரியாது என்று முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கும் கதை புரிய வேண்டும் இல்லையா? ஒரே வீட்டில் நீளம் தாண்டும் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி மருமகள், இன்னொருத்தி அவளுடைய நாத்தனார். இரண்டு பேருக்கும் பயிற்சி கொடுக்கிறவன் ஒருவன்தான். இவளுக்குக் கணவன், அவளுக்கு அண்ணன். ஒலிம்பிக் அணியில் பெண்கள் நீளம் தாண்டுதலுக்கு இந்த முறை ஒரே ஓர் இடம். தேர்வுப் போட்டியில் முதலாவதாக வர வேண்டும். ஆறு மீட்டர் எண்பது என்ற தகுதித் தூரத்தையும் எப்போதாவது முறையாகத் தாண்டியிருக்க வேண்டும். முதலாவதாக வந்தவளிடம் அந்தத் தூரம் இல்லையென்றால், அது இருக்கிற அடுத்தவளுக்கு இடம் போகும்.

மருமகள் அந்தத் தூரத்தைப் போன கோடையிலேயே தாண்டிவிட்டாள். நாத்தனாருக்கு இன்னும் கைகூடவில்லை. ஆனால் நாத்தனாருக்கு வயது இருபத்து மூன்று, மருமகளுக்கு இருபத்தொன்பது. போன ஒலிம்பிக் சமயத்தில் தொடைத் தசை கிழிந்து கட்டிலில் கிடந்தவள் அவள். இதை விட்டால் இன்னொரு தடவை அவளுக்குக் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும், அவளைச் சுற்றி இருக்கிறவர்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் மாமியார் முந்தின நாள் அந்தப் பேச்சை எடுத்தாள். குட்டிக்கு இந்த ஒரு தடவை விட்டுக் கொடேன், உனக்கு இனிமேல் பிள்ளை பெற்றுக்கொள்கிற வழியைப் பார்க்க வேண்டாமா என்று. கதவு சாத்தப்பட்டது அதற்குத்தான்.

குட்டி என்பது நாத்தனாரின் செல்லப் பெயர். ஆள் என்னவோ வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம்.

காலையில் மைதானத்து உடை மாற்றும் அறையில் குட்டி வழக்கம்போல வந்து, வழக்கம்போல இடது காலைத் தூக்கி அண்ணியின் மடியில் வைத்தாள். கணுக்காலுக்கு டேப் ஒட்ட வேண்டும். ஐந்து வருஷமாக அண்ணி ஒட்டினால்தான் அவளுக்கு நிற்கும். முந்தின நாள் அம்மா என்ன பேசினாள் என்பது அவளுக்குத் தெரியுமா, தெரிந்துகொண்டுதான் காலை நீட்டுகிறாளா என்று மருமகளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. ஒரு சுருக்கம் விழாமல் ஒட்டிக் கொடுத்தாள்.

அந்த நேரத்தில் வெளியே வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது.

மாமனார் இருபத்தெட்டு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். விடுமுறை நாட்களில் மைதானத்தில் நடுவர் வேலைக்குப் போவது அவருக்குப் பழைய பழக்கம். டிப்போவிலும் சரி, மைதானத்திலும் சரி, அவருக்கு ஒரே பெயர்தான்: கறார். சொந்த மைத்துனர் ஓட்டி வந்த பஸ்ஸுக்கு அரை நிமிஷம் லேட் என்று எழுதி, அந்த மைத்துனர் மூன்று வருஷம் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காத கதையை முன்பே சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அவருக்கு ஆண்கள் ஓட்டப் பந்தயத்தில் காற்றுமானி. பெண்கள் நீளம் தாண்டுதலில் காற்றுமானியைப் பார்க்க வேண்டியவருக்குக் காய்ச்சல். அவர் வரவில்லை.

தலைமை நடுவரம்மா கறாரைக் கூப்பிட்டு, நீங்களே உட்காருங்கள் என்றார். மாமனார் மறுத்தார். என் பெண்ணும் தாண்டுகிறாள், மருமகளும் தாண்டுகிறாள், நான் அங்கே இருக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். வேறு யாராவதாக இருந்தால் நானும் யோசிப்பேன், உங்களைச் சந்தேகப்பட்டால் வாய் அழுகிப்போகும் என்று அந்த அம்மாள் சிரித்தார். சுற்றி நின்ற நடுவர்களும் சிரித்தார்கள். இருபத்தெட்டு வருஷத்துப் பெயர் அவரைத் தோளைப் பிடித்து அந்த ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டது.

காற்றுமானியில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓடுபாதையின் ஓரமாக ஒரு கம்பத்தில் குழாய் மாதிரி ஒரு கருவி. பலகைக்கு நாற்பது மீட்டர் முன்னால் தரையில் ஒரு வெள்ளை அடையாளம். ஓடி வருகிறவள் அந்த அடையாளத்தைத் தாண்டும் நொடியில் பொத்தானை அமுக்க வேண்டும். கருவி ஐந்து விநாடிக் காற்றை அளக்கும். அந்த ஐந்து விநாடியும் அதன் தலையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். முதுகுக் காற்று விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் என்று காட்டினால், தாண்டின தூரம் அன்றைய போட்டியில் செல்லும், தகுதித் தூரத்துக்குச் செல்லாது. காற்று தள்ளிவிட்டதை உன் கணக்கில் எழுத மாட்டோம் என்பதுதான் அதன் பொருள்.

போட்டி ஆரம்பித்ததிலிருந்தே காற்று ஒரு நிலையில் இல்லை. ஓங்கி அடிக்கும், சட்டென்று செத்துப் போகும்.

முதல் மூன்று சுற்று முடிந்தபோது மருமகள் ஆறு எழுபத்தாறு தாண்டி முதலிடத்தில் இருந்தாள். குட்டி ஆறு எழுபதோடு இரண்டாவது. மற்றவர்கள் ஒரு கஜம் பின்னால் என்றே சொல்லலாம். கடைசி மூன்று சுற்றுகளில் பின்தங்கியவர்கள் முதலில் ஓடுவார்கள், முன்னணியில் இருப்பவள் கடைசியில். ஆகவே நான்காவது சுற்றில் குட்டி ஓடுவதற்காக நின்றபோது, அவளுக்கு அடுத்தவளாக மருமகள் ஓடுபாதையின் ஓரத்தில் கைகளை உதறிக்கொண்டு நின்றாள். அவள் எங்கே நின்றாள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வெள்ளை அடையாளமும் தெரியும், மாமனாரும் தெரியும், சிவப்பு விளக்கும் தெரியும்.

குட்டி கிளம்பினாள். கிளம்பும்போது காற்று அவள் முதுகில் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. மருமகளின் பனியன்கூட படபடத்தது. குட்டியின் ஓட்டம் முதல் அடியிலிருந்தே வேறு மாதிரி இருந்தது. அண்ணன்காரன் ஒரு வருஷமாகக் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அன்றைக்குத்தான் அவள் காலில் இறங்கியிருந்தது.

அவள் வெள்ளை அடையாளத்தைத் தாண்டினாள். விளக்கு எரியவில்லை.

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். அவர் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்திருந்தார். வாய் எதையோ முணுமுணுத்தது. ஒருவேளை மகளுடைய அடிகளை எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ. பொத்தான் இருந்த கை முழங்காலோடு சேர்ந்து தொங்கியது. குட்டி அவரைக் கடந்து போகும் சமயத்தில்தான் திடுக்கிட்டவர் போல அமுக்கினார். அதற்குள் காற்று தணிந்துவிட்டது. குட்டி பறந்தாள், மணலில் விழுந்தாள், எழுந்து உட்கார்ந்து முகத்திலிருந்த மணலைத் தட்டினாள். அப்போதும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

வெள்ளைக் கொடி. ஆறு மீட்டர் எண்பத்திரண்டு. காற்று ஒன்று புள்ளி எட்டு.

குட்டி வாயைப் பொத்திக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலிடமும் வந்தது, தகுதித் தூரமும் வந்தது. அண்ணன் தடுப்புக் கம்பியைத் தாண்டி வராத குறையாக நின்று இரண்டு கையையும் ஆட்டினான். மாமனார் எழுதும் அட்டையைக் குனிந்து பார்த்தபடி காற்றின் அளவைக் குறித்தார். நிமிரவே இல்லை.

அடுத்து மருமகளின் முறை. மனது ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஆறு ஐம்பத்தெட்டு.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு நெஞ்சு அடங்கவில்லை. கண் ஏமாற்றியிருக்குமோ என்று ஐந்தாவது சுற்றில் மற்றவர்கள் ஓடுவதை உற்றுப் பார்த்தாள். ஒவ்வொருத்தியும் வெள்ளை அடையாளத்தை மிதிக்கவும் விளக்கு எரியவும் சரியாக இருந்தது. ஒரு இமைப்பு முன்னே பின்னே இல்லை. கறார் கறாராகத்தான் இருந்தார்.

சொல்லிவிடலாமா? இருபது அடி தூரத்தில் நடுவர் நிற்கிறார். எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் எழுந்திருக்கவில்லை. எனக்கு இன்னும் இரண்டு தாண்டல் இருக்கிறது, ஏழு சென்டிமீட்டர் அதிகம் தாண்டிவிட்டால் யாரையும் காட்டிக் கொடுக்காமலே இடம் என்னுடையது என்று நினைத்தாள். இதற்குப் பெருந்தன்மை என்று அவளே ஒரு பெயரும் வைத்துக்கொண்டாள். நமக்கு வேண்டியவள்தான், இத்தனை வாரமாக அவள் பக்கம்தான் நாம் நிற்கிறோம். ஆனாலும் அது பெருந்தன்மை இல்லை.

ஏனென்றால் அந்தச் சமயத்தில்தான் அவள் கணவன் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து தங்கையைக் கூப்பிட்டான். கணுக்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். கொஞ்சம் வலிக்கிறது என்றாள். வேண்டியது வந்துவிட்டது, இனிமேல் காலைக் கெடுத்துக்கொள்ளாதே, மிச்சம் இரண்டையும் விட்டுவிடு என்றான். குட்டி நடுவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து ஸ்பைக்ஸ் ஷூவைக் கழற்றினாள். பிறகு அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து டேப்பையும் பிரித்தாள்.

மருமகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறப்பதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. பிரிக்காதே குட்டி என்று இரண்டு வார்த்தை. அதையும் மென்று விழுங்கிவிட்டாள்.

ஐந்தாவது தாண்டலில் அவள் நன்றாகப் பறந்தாள். இறங்கும்போதே தெரிந்தது, இது எண்பத்தைந்துக்குக் குறையாது என்று. திரும்பிப் பார்த்தால் சிவப்புக் கொடி. பலகைக்கு அப்பால் ஷூ நுனி ஒரு நகக் கண் அளவுக்குப் பட்டிருந்தது.

ஆறாவது தாண்டல் ஆறு எழுபத்தொன்பது. மூன்று சென்டிமீட்டரில் போயிற்று.

குட்டி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணி அண்ணி என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. மருமகளின் கைகள் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தன. கைகளுக்கு அந்தப் பழக்கம் இருந்தது.

முடிவு அறிவித்த அரை மணிக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம் என்று விதி.

முதலில் அவள் மாமனாரிடம்தான் போனாள். மணல் குழிக்குப் பின்னால் அவர் காற்றுமானியைக் கழற்றி அதன் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மூடியின் கொக்கி மாட்டவில்லை. அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"குட்டியோட நாலாவது தாண்டலுக்கு எப்ப மாமா பொத்தானை அமுத்தினீங்க?"

"சரியாத்தாம்மா அமுத்தினேன்."

இதைச் சொல்லும்போது அவர் கொக்கியைத்தான் பார்த்தார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பொய்யை அவள் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கடன் கேட்டு வந்தபோதுகூட வீட்டில் இல்லை என்று சொல்லத் தெரியாமல் உள்ளேயிருந்து எழுந்து வந்து பணம் இல்லை என்று சொன்ன மனிதர். அவள் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, நீயும் நன்றாகத்தான் தாண்டினாய், எதுவானாலும் வீட்டில் போய்ப் பேசிக்கொள்வோம் என்றார்.

ஆமாம்மா, தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் படிவத்தைத் தொட்டே இருக்க மாட்டேன் என்று அவள் பிறகு சொல்லிக்கொண்டாள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

அடுத்து கணவன். முகமெல்லாம் பல்லாக வந்தவன், அவள் சொன்னதைக் கேட்டதும் வெளிறிப் போனான். நீ நிஜமாகவே பார்த்தாயா, பார்த்த மாதிரி இருந்ததா என்று கேட்டான். பார்த்தேன் என்றாள். நாலு பேர் முன்னால் அப்பாவை நிறுத்தி வைக்கப் போகிறாயா, அவருக்கு இருப்பதே அந்தப் பெயர் ஒன்றுதானே என்றான். நியாயமான பேச்சுதான். அவளுக்கு என்ன இருக்கிறது என்று மட்டும் அவன் கேட்கவில்லை.

"நீங்க என் கோச். இதே மாதிரி வேற யாரோ ஒரு பொண்ணுக்கு நடந்திருந்தா என்ன சொல்லுவீங்க?"

அவன் திரும்பித் தங்கை இருந்த பக்கம் பார்த்தான். பிறகு, "கோச்சாக் கேட்டா கையெழுத்துப் போடுன்னுதான் சொல்லணும். புருஷனாக் கேட்டா வேண்டாம்னு கும்பிடுவேன்," என்றான்.

"ரெண்டுல எதுவா இருக்கப் போறீங்கன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அவன் பின்னால் வரவில்லை.

பார்வையாளர் மாடத்துக்குக் கீழே நடுவர்களின் அறை. ஒரு நீள மேஜை, சுற்றும்போது கடகடக்கும் மேஜை விசிறி, சுவரில் நேரப் பட்டியல். மருமகள் படிவத்தை வாங்கி நின்றபடியே எழுதினாள். சொந்த மாமனாரின் பெயரை எழுத வேண்டிய கட்டத்தில் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதிவிட்டது.

தலைமை நடுவரம்மா படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் படித்தார். மாமனாரை அந்த ஸ்டூலில் உட்கார வைத்தவர் இவர்தான். எந்த நொடியில் பொத்தானை அமுக்கினார் என்பது கருவியில் பதிவாகாது, அமுக்கினவர் வாயால் சொன்னால்தான் உண்டு, அவர் மறுத்துவிட்டால் இது இங்கேயே முடிந்துபோகும், யோசித்துக்கொள் என்றார். கூப்பிடுங்கள் என்றாள் மருமகள்.

அவள் வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றபோது எதிரே குட்டி வந்தாள். வெறுங்காலோடு, கணுக்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு. அண்ணன் சொல்லியிருக்க வேண்டும். சண்டை பிடிக்கிற முகமாக இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"எப்ப பார்த்தீங்க அண்ணி?"

"நீ ஓடும்போதே."

"அப்பவேவா?"

"ம்."

"அப்ப எனக்கு இன்னும் ரெண்டு தாண்டல் இருந்துச்சு."

குட்டி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் டேப்பைப் பிரிக்கிறப்ப நீங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தீங்க. அப்பா பண்ணினது தப்புதான். ஆனா அவருக்குத் தெரிஞ்சு பண்ணலை. நீங்க தெரிஞ்சு பண்ணியிருக்கீங்க."

இத்தனை வருஷத்தில் குட்டி அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியது இதுதான், இதற்கும் மறுப்புச் சொல்ல இடம் இல்லை. வெட்கம் காது வரைக்கும் ஏறியது. அதோடு கூடவே ஒரு கோபமும் ஏறியது. எனக்கு மட்டும் நியாயமாக இருக்க வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது, நேற்று உன் அம்மா கேட்டதற்கு நியாயம் என்று பெயரா என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் மாமனாரை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பெண்களையும் வரச் சொன்னார்கள்.

மாமனார் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். டிப்போவில் விசாரணை என்றால் ஊழியர்கள் அவர் முன்னால் நின்றுதான் பதில் சொல்லுவார்கள். அப்படியே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நடுவரம்மா படிவத்தைப் படித்துக் காட்டினார். அவர் எழுதிக் கையெழுத்திட்ட காற்று அட்டையை மேஜையில் வைத்தார். பெண் வெள்ளை அடையாளத்தைத் தாண்டும்போதுதான் அமுக்கினீர்களா என்று கேட்டார்.

மருமகள் அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தன்னிடம் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்லிவிடட்டும் என்று ஒரு நொடி அவளுக்கே தோன்றியது. சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துபோகும். எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

மருமகளிடம் பொய் சொல்ல முடிந்தவருக்குக் கையெழுத்துக்கு முன்னால் பொய் வரவில்லை.

"இல்ல மேடம். லேட்டா அமுத்தினேன்."

"எவ்வளவு லேட்?"

"ரெண்டு விநாடி. மூணாக்கூட இருக்கலாம்."

"ஏன்?"

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "அவ ஓடுறதைப் பார்த்துட்டு நின்னுட்டேன்."

குட்டியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அப்பா மேல் அவளுக்குக் கோபம் இல்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஒலிம்பிக் போவதற்கு இருந்த வழியைத் தன் கையாலேயே அடைத்துவிட்ட மனிதரை அவள் அப்படி ஒரு பாசத்தோடு பார்த்தாள்.

நடுவரம்மா எழுதினார். ஆறு எண்பத்திரண்டு போட்டியில் நிற்கும், குட்டிக்கு முதலிடம் உண்டு. காற்றின் அளவு செல்லாது, அதனால் தகுதித் தூரமாக அது செல்லாது. அப்படியென்றால் அணியில் இடம் இரண்டாவதாக வந்தவளுக்கு. எழுதி முடித்தவர், இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும் என்றார். மருமகளின் தாண்டல்களுக்கும் காற்று பார்த்தது இவர்தானே? அதில் ஏதாவது பிசகு உண்டா? நாளைக்கு இன்னொருவர் கிளப்பக் கூடாது.

இந்தக் கேள்விக்கு மாமனார் நிமிர்ந்தார். இவ்வளவு நேரமும் தொங்கிக்கொண்டிருந்த தலை நேராயிற்று. பழைய கறார் திரும்பி வந்துவிட்டார்.

"அதுல ஒரு சின்னக் குறை சொல்ல முடியாது மேடம். ஆறு தாண்டலுக்கும் அளவு சுத்தம். எழுதிக் குடுக்கச் சொன்னாலும் குடுக்கிறேன். அவ ஓடும்போது நான் ஒரு தடவைகூட அவளைப் பார்க்கலை. வெள்ளைக் கோட்டைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

மருமகளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அவளுடைய இடத்தை உறுதி செய்கிற வாக்குமூலம் அது. அதைவிடப் பலமான சாட்சி அவளுக்குக் கிடைக்காது. நடுவரம்மா அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். மருமகளோ பிடித்துக்கொள்ள மேஜை விளிம்பைத் தேடினாள். ஆறு வருஷமாக அந்த வீட்டில் அவருக்குக் காலையில் முதல் டீ போட்டுக் கொடுப்பவள் அவள். போன வருஷம் அவர் வழுக்கி விழுந்தபோது தோளில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி மாடி ஏறினவள் அவள். இன்றைக்கு ஆறு தடவை, வாழ்க்கையையே காலில் கட்டிக்கொண்டு அவர் எதிரில் ஓடியிருக்கிறாள். ஒரு தடவையாவது அவர் தவறியிருக்கலாமே என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

நடுவரம்மா படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். ஜெயித்துவிட்டாய், கீழே கையெழுத்துப் போடு, பட்டியல் மாலையில் தேர்வுக் குழுவுக்குப் போய்விடும் என்றார். மாமனார் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பேனாவை எடுத்தாள்.

"மேடம், ஆட்சேபத்துக்கு இன்னும் நேரம் இருக்கா?"

கேட்டது குட்டி. நடுவரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஆறு நிமிஷம் இருக்கிறது என்றார்.

குட்டி கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அண்ணியின் தோளோடு தோள் உரசுகிற நெருக்கம்.

"எனக்கும் ஒரு படிவம் குடுங்க. நீங்க போர்டுல போட்ட காத்து அளவை நம்பித்தான் ரெண்டு தாண்டலை விட்டேன். அந்த ரெண்டும் எனக்குத் திரும்ப வேணும். அளவு தப்புன்னு அப்பவே தெரிஞ்சவங்க ஒருத்தர் என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க."

யார் அது என்று நடுவரம்மா கேட்டார்.

"எங்க அண்ணிதான். சாட்சிக்கு அவங்க பேரையே எழுதிக்கறேன்."